கறுப்பு நாடாவுக்கு அடியில் ஒரு விளக்கு



இன்று பாடநூலைப் பற்றியோ மதிப்பீட்டைப் பற்றியோ எழுதப் போவதில்லை. என் பழைய மகிழுந்தைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு எதற்கு இந்தப் பட்டறை வேலை?" என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் படியுங்கள். பழைய வண்டி ஓட்டும் எவருக்கேனும் இது பயன்படக்கூடும்.

என் வண்டிக்கு இருபது வயது கடந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் இருந்து கிள்ளானில் உள்ள பள்ளிக்கு நாள்தோறும் கூட்டரசு நெடுஞ்சாலையில் அதில்தான் போய் வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, வேகமானியின் ஊசி திடீரென்று சுழியத்துக்கு விழுந்தது. வண்டியோ மற்ற வண்டிகளோடு சேர்ந்து விரைந்துகொண்டிருந்தது! அதே நேரத்தில் ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கும் எரிந்தது. மறுநாள் இரண்டும் தாமாகவே சரியாயின. அதற்கடுத்த நாள் மீண்டும் அதே கதை.

வழக்கமாகப் போகும் பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த போமன் ஐந்து நிமிடம் பார்த்தார். "மீட்டர்தான் போச்சு டீச்சர். பழசு ஒண்ணு இருக்கு, மாத்திடலாம்" என்றார். 350 ரிங்கிட் கொடுத்து மாற்றினேன். வண்டி ஓடிய கிலோமீட்டர் கணக்கும் அதோடு மாறிப் போயிற்று. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ஊசி விழுந்தது.

மீண்டும் போனேன். "அப்படின்னா ஏ.பி.எஸ். பெட்டிதான். 1,800 வெள்ளி ஆகும். வேண்டாம்னா பல்பைக் கழட்டிடலாம். பிரேக் நல்லாத்தானே பிடிக்குது?" என்றார். 1,800 ரிங்கிட் என்னிடம் அப்போது இல்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழுதுகாட்டிக் கருவி ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்தேன். 'பழுது ஏதுமில்லை' என்று அது காட்டியதும் மனம் ஆறுதல் அடைந்தது. அத்தகைய கருவிகளில் பல இயந்திரத்தின் பழுதுகளை மட்டுமே படிக்கும், பிரேக் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

பல்பைக் கழற்ற மனம் வரவில்லை. ஆனால் அதைவிட மேலான செயலையும் நான் செய்யவில்லை. கறுப்பு ஒட்டு நாடாவைச் சிறு துண்டாக வெட்டி அந்த விளக்கின்மேல் ஒட்டிவிட்டேன். வேகம் தெரிய வேண்டுமே என்று கைப்பேசியில் வேஸ் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டேன். இப்படியே ஒரு மாதம் ஓடிற்று.

அந்த மாதக் கடைசியில் ஷா ஆலமில் கதை சொல்லும் போட்டி. பெற்றோரின் ஒப்புதலோடு இரண்டு மாணவர்களை என் வண்டியில் அழைத்துச் சென்றேன். போகும்போதே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் முன்பக்கம் எட்டிப் பார்த்து, "டீச்சர், அங்க ஏன் கறுப்பு டேப் ஒட்டியிருக்கு?" என்று கேட்டான். "வெளிச்சம் கண்ணைக் கூசுது அய்யா" என்றேன். அவன் நம்பிவிட்டான்.

திரும்பும்போது நல்ல மழை. மோட்டார் சைக்கிளோட்டிகள் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள். கிள்ளான் நகருக்குள் நுழைந்தபின் ஒரு சமிக்ஞை விளக்கு மஞ்சளுக்கு மாறியது. எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சட்டென்று நின்றது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். முன் சக்கரங்கள் சுழலாமல் இறுகிக்கொள்ள, வண்டி படகு போல வழுக்கியது. திசைமாற்றியை இடப்பக்கம் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேராகவே சறுக்கிச் சென்று அந்த மனிதரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னிருக்கையில் இருந்து அந்தப் பையனின் குரல்தான் கேட்டது: "டீச்சர், அந்த விளக்கு இப்ப எரியுதா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாளே கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். சக ஆசிரியை ஒருவர் காட்டிய வழி. அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் என்னைத்தான் கேள்வி கேட்டார். ஊசி முதலில் விழுகிறதா, விளக்கு முதலில் எரிகிறதா? நேராகப் போகும்போதா, வளையும்போதா? வண்டி நிற்கப் போகும் நேரத்தில் பிரேக் மிதி காலுக்கடியில் துடிக்கிறதா?

யோசித்துப் பார்த்தேன். துடிப்பு இல்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், வளைந்து ஏறும் பாதையில் இடப்பக்கம் திரும்பும்போதுதான் பெரும்பாலும் விளக்கு எரிந்திருக்கிறது! இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னை யாரும் கேட்டதுமில்லை. "இது போதும் டீச்சர். பாதி வேலை முடிஞ்சது" என்றார் அவர்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் தருகிறேன். ஏ.பி.எஸ். என்பது திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. மின்னணுவால் இயங்கும் இவ்வமைப்பை போஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்பு மகிழுந்தில் அறிமுகப்படுத்தியது. சக்கரத்தோடு பல் வெட்டிய ஒரு வளையம் சுழலும். அதன் அருகே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட உணரி ஒன்று இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது கம்பிச்சுருளில் சிறு மின்துடிப்பு தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. துடிப்புகளை எண்ணினால் சக்கரத்தின் வேகம் தெரிந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நிற்கப் பார்த்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி அச்சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை ஒரு விநாடிக்குள் பலமுறை தளர்த்தியும் கூட்டியும் அதனைச் சுழல வைக்கும். சக்கரம் சுழன்றால்தான் வண்டி நாம் திருப்பும் பக்கம் திரும்பும்.

உணரி ஒன்றிலிருந்து செய்தி வராவிட்டால் பெட்டி தன் வேலையை நிறுத்திக்கொண்டு விளக்கை எரிய விடும். சாதாரண பிரேக் வேலை செய்யும். அந்தக் காவல் மட்டும் இருக்காது. "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்ற சொல் அரை உண்மை என்பது மழையில்தான் எனக்கு விளங்கியது.

சரி, வேகமானி ஏன் விழ வேண்டும்? பல பழைய வண்டிகளில் வேகமானிக்கென்று கியர்ப்பெட்டியில் தனி உணரி உண்டு. அவ்வகை வண்டியில் இரண்டும் சேர்ந்தே கெட்டால், இரண்டுக்கும் பொதுவான பியூஸையோ தரைக்கம்பியையோ முதலில் பார்க்க வேண்டுமாம். வேறு சில வண்டிகளில் சக்கர உணரியின் செய்தியே ஏ.பி.எஸ். பெட்டியின் வழியாக வேகமானிக்கும் போகிறது. என் வண்டி இந்த இரண்டாம் வகை. ஆக, நான் 350 ரிங்கிட் கொடுத்துத் தூக்கி எறிந்த மீட்டர் ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தி வராதபோது சுழியம் காட்டியது, அவ்வளவுதான்.

பிரேக் பழுதையும் படிக்கக்கூடிய கருவியை அவர் செருகினார். 'முன் இடப்பக்க உணரி' என்று வந்தது. உடனே உணரியை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். மாற்றவில்லை. "இந்த எண் தெருப் பேரைத்தான் சொல்லும் டீச்சர், வீட்டு நம்பரைச் சொல்லாது" என்றார். உணரி, அதன் கம்பி, இணைப்பு, பல்வளையம் ஆகியவற்றில் எது கெட்டாலும் அதே எண்தான் வருமாம். மல்டிமீட்டரை வைத்து இரண்டு முன் உணரிகளையும் அளந்தார். வலப்பக்கம் 1,100 ஓம் அளவில் நின்றது. இடப்பக்கமும் அப்படியே! நான் ஏமாந்து போனேன். அவரோ அளவியை எடுக்காமல், இன்னொரு கையால் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த கம்பியை மெல்ல வளைத்தார். எண் மறைந்தது. விட்டார், 1,100 திரும்ப வந்தது. வெளியுறை முழுதாக இருந்தும் உள்ளே செம்புக் கம்பி முறிந்திருந்தது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து இற்றுப்போன இடம் அது.

"பற்றவைத்து ஒட்டிவிட முடியாதா அண்ணே?" என்று கேட்டேன். ஒட்டிய இடம் விறைத்துப்போய் அதன் அருகிலேயே மறுபடி முறியும் என்றார். கம்பியோடு சேர்ந்த புதிய உணரி 140 ரிங்கிட், கூலி 60. உணரி அமரும் இடத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து பொருத்தினார். பழைய பழுது எண்ணை அழித்துவிட்டு என்னை ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்தார். இடம் திரும்பினேன், வலம் திரும்பினேன். ஊசி அசையவில்லை... அதாவது விழவில்லை! விளக்கும் எரியவில்லை. 1,800 ரிங்கிட் பெட்டி இன்றும் அதே பழைய பெட்டிதான்.

அவரிடம் கற்ற மூன்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது அது எரியவே இல்லை என்றால், யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். இரண்டு, மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் பயணத்தைத் தொடராதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உதவிக்கு அழையுங்கள். மூன்று, பட்டறைக்குப் போகுமுன் பழுது எப்போது, எங்கே, எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள் பல நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தும்.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் அந்த மாணவனை வண்டி அருகே அழைத்துச் சென்றேன். "அன்னைக்கு டீச்சர் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் அய்யா. அந்த விளக்கு கண்ணைக் கூசல. வண்டி கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் மூடி வச்சேன்" என்றேன். சாவியைத் திருப்பிக் காட்டினேன். விளக்கு எரிந்தது, இருவரும் எண்ணினோம், மூன்றில் அணைந்தது.

"இப்ப சரியாயிடுச்சா டீச்சர்?" என்றான். "சரியாயிடுச்சு" என்றேன். இம்முறை உண்மையைச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினான்.

நாடாவை உரித்த இடத்தில் பசை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைக்கலாம்; எனக்குத்தான் மனம் வரவில்லை.

பி.கு.: அந்த மழையில் எனக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள் அன்பர் யாரென்று தெரியாது. அவருக்கு என் மன்னிப்பும் நன்றியும்.