ஆடும் புலியும் ஒரு யாளியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

மலருக்குக் கட்டுரை தா என்று தமிழ்ப் பேராசிரியர் கேட்டபோது, “எனக்குத் தெரிந்தது கணக்கும் ஆடும்தான் ஐயா” என்றேன். “அதையே எழுது” என்று சொல்லிப் போய்விட்டார். ஆகவே பொறுத்தருள்க.

காரியாபட்டியிலிருந்து நடந்தே போகக்கூடிய சிற்றூர் எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் வரும். வராவிட்டால் சீமைக்கருவேலம்தான் விளைச்சல். அந்தக் கண்மாயின் கலுங்குக் கல்லில் ஓர் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வெட்டியிருக்கிறது. வெட்டியவர் யாரென்று என் தாத்தாவுக்கும் தெரியாது. ஆடு மேய்த்து முடித்து அந்திக்கு அங்கே வந்து உட்காருவார். எனக்கு அவர் கற்றுக்கொடுத்தபோது நான் இரண்டாம் வகுப்பு. புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. (புளியங்கொட்டையைப் புலிக்கு வைக்காமல் ஆட்டுக்கு வைத்தவர் தமிழ் படித்தவராக இருக்க முடியாது.)

ஆட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் அடிக்கோடு வரை இறங்கும். அவற்றை மூன்று குறுக்குக் கோடுகள் வெட்டும். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள், அடியில் நான்கு, உச்சியில் ஒன்று; ஆக 23. புலி 3, ஆடு 15. ஆட்டை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு தடவை புலி நகரும். பக்கத்து ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டும், ஆடு போகும். பதினைந்தையும் வைத்து முடிக்கும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிகளை அசைய விடாமல் கட்டினால் ஆட்டுக்கு வெற்றி.

தாத்தா எப்போதும் புலிதான் ஆடுவார். கேட்டால், “பகலெல்லாம் ஆட்டோடதானே நிக்கிறேன், இங்கயாவது புலியா இருந்துட்டுப் போறேன்” என்பார்.

இந்த ஆட்டம் நம் ஊரோடு நின்றுவிடவில்லை என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி 1909-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறித்திருக்கிறார். சிங்களத்தில் அதன் பெயருக்குத் ‘தமிழரின் சிறுத்தை ஆட்டம்’ என்று பொருளாம். நேபாளத்தில் 25 புள்ளிகளில் 4 புலி, 20 ஆடு வைத்து ஆடுகிறார்கள். அந்த நேபாள ஆட்டத்தைக் கணிப்பொறியில் அலசிய இருவர், இரு தரப்பும் தவறே செய்யாமல் ஆடினால் வெற்றி தோல்வி இராது என்று நிறுவியிருக்கிறார்கள். இதைப் பெருமையாகத் தாத்தாவிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, “தப்பே பண்ணாத ஆடு எங்கய்யா இருக்கு?” என்றார்.

எனக்கு ஆசை பிறந்தது இன்னொரு செய்தியால். 1980-இல் அமெரிக்காவில் ‘டைட்டன்’ என்றொரு பலகை ஆட்டம் வெளிவந்தது. அரக்கரும் பறக்கும் நாகமும் படையாக வரும் ஆட்டம். அதன் ரசிகர்கள் வாங்கியதை அப்படியே ஆடாமல், புது விலங்குகளையும் புது நிலங்களையும் தாமே சேர்த்து விரித்துக்கொண்டார்களாம். அவர்கள் செய்யலாம், நான் செய்யக் கூடாதா? சென்ற கோடை விடுமுறையில் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு கலுங்குக்குப் போனேன்.

முதலில் உச்சியிலிருந்து இறங்கும் கோடுகளை ஐந்தாக்கினேன். புள்ளிகள் 27 ஆயின. பழைய கட்டத்தில் காய்களெல்லாம் வைத்தபின் எஞ்சுவது ஐந்து காலிப் புள்ளிகள். அந்த ஐந்தைக் காப்பாற்றினால் ஆட்டத்தின் சமநிலையும் காப்பாற்றப்படும் என்பது என் கணக்கு. எனவே 4 புலி, 18 ஆடு. நோட்டில் அழகாகத்தான் இருந்தது. கல்லிலோ தொடர்ந்து ஆறு ஆட்டம் புலியே வென்றது! நான்காம் புலி மட்டும் காரணமன்று. ஆடுகள் நகர முடியாமல் நிற்கும் காலம் 15 முறையிலிருந்து 18 முறையாக நீண்டுவிட்டது. காலி இடத்தை எண்ணிய நான் காலத்தை எண்ணவில்லை. தேர்விலும் எனக்கு இப்படித்தான் மதிப்பெண் போகிறது.

கட்டத்தை இன்னும் பெரிதாக்கினால் ஆட்டுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும் என்று எண்ணி, நான்காவது குறுக்குக் கோடும் போட்டேன். புள்ளிகள் 34. “இதுக்கு எத்தனை ஆடு?” என்றார் தாத்தா.

“இருபத்து நாலு.”

“இருபத்து நாலா!” என்று சிரித்தார். “அம்புட்டு ஆடு இப்ப நம்மகிட்டயே இல்லையேய்யா.”

அன்று இரவு படலுக்குள் போய் எண்ணினேன். நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் எங்களிடம் 31 ஆடுகள். இப்போது குட்டிகளோடு சேர்த்து 19. அப்பாவுக்குக் கொத்து வேலை. வேலையில்லாத மாதங்களில் என் விடுதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. புத்தகத்துக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று என்று மனத்துக்குள் பிரித்துப் பார்த்தேன். கணக்கு ஒத்து வந்தது. மறுநாள் தாத்தாவிடம் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “காயை வை” என்றார்.

ஆட்டின் பக்கத்தை எப்படியாவது பலப்படுத்த வேண்டும் என்ற வெறி அதன் பிறகே வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சோடா மூடியை எடுத்து, “இது யாளி” என்றேன். ஆட்டுக்குத் துணையாக வரும். எந்தத் திசையிலும் இரண்டு புள்ளி போகும். புலி அதைத் தாண்ட முடியாது. ஆடிப் பார்த்தோம். நான்கு புலியும் மூச்சு முட்டிச் செத்தன. மறு ஆட்டமும் அப்படியே. மூன்றாவதில் தாத்தா கூழாங்கற்களைத் துண்டில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

“ஏன் தாத்தா?”

“நீ யாளியைப் பாத்திருக்கியா?”

“மதுரையில, மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல.”

“அது எறங்கி நடந்துச்சா?”

நான் பதில் சொல்லவில்லை.

“ஆட்டுக்காரனுக்குத் துணைக்கு யாரும் எறங்கி வந்து நான் பாத்ததில்ல. தூண்ல நிக்கிறது தூண்லயே நிக்கட்டும். ஒரு தடவை வையி, அப்புறம் தொடாதே. புலியும் தாண்டக் கூடாது, ஆடும் அதுல ஏறக் கூடாது.”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொன்ன விதியை அன்றிரவு நோட்டில் எழுதிப் பார்த்தேன். 4 புலி, 24 ஆடு, 1 யாளி, மொத்தம் 29, காலி ஐந்து. நான் காப்பாற்ற நினைத்த அதே ஐந்து! அதைவிட முக்கியம், அசையாத யாளிக்கு முன்னால் ஒட்டி நிற்கும் ஆட்டை அந்தக் கோட்டில் புலி தாண்டவே முடியாது. அப்பால் புள்ளி காலியில்லையே. ஆடுகள் நகர முடியாத அந்த நீண்ட காலத்துக்கு ஒதுங்க ஒரு சுவர் கிடைத்துவிட்டது. சுவரை எங்கே வைப்பது என்பதில்தான் திறமை. விடுமுறை முடிவதற்குள் பதினோரு ஆட்டம் ஆடினோம். ஆறு புலிக்கு, ஐந்து ஆட்டுக்கு. யாளியை உச்சிக்குப் பக்கத்தில் வைத்தவன் பெரும்பாலும் தோற்றான். நடுவில், இரண்டாம் குறுக்குக் கோட்டில் வைத்தால் ஆட்டுக்குத் தெம்பு. பதினோரு ஆட்டத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று எங்கள் துறையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கரிக்கோடுகள் இருந்த இடத்தில் உளியால் வெட்டிய கோடுகள் இருந்தன. அப்பாவின் உளி. நான் உட்கார்ந்ததும் கூழாங்கற்களை என் பக்கம் தள்ளி, “இன்னிக்கு நீ புலி. ஆடு நான் வைக்கிறேன்” என்றார் தாத்தா. அவர் ஆடு வைத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. இரண்டைத் தாமே முன்னால் தள்ளிக் கொடுத்தார். நான் ஆவலாய்த் தாண்டியதும் என் புலி ஒன்று மூலையில் சிக்கியது. இருட்டிவிட்டது. காயைக் கலைக்காமல் கூடையால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தோம்.

காலையில் போனால் கூடை உருண்டு கிடக்கிறது. எங்கள் கரும்போர் ஆடு கலுங்கின் மேல் நின்று மென்றுகொண்டிருக்கிறது. புலிகள் திசைக்கொன்றாய்க் கிடந்தன. எத்தனை ஆடு மிச்சமிருந்தது என்று எங்களுக்குள் சண்டை. நான் பதினேழு என்றேன். அவர் பதினெட்டு என்று சாதித்தார். எனக்கு அருப்புக்கோட்டை பஸ் பத்தரைக்குத்தான். புதிதாகக் கொட்டை பொறுக்கப் புளியமரத்தடிக்குப் போனோம்.