மணத்துக்கு ஒரு கலம்

விலங்கு ஆற்றில் வாய்வைத்து நீர் அருந்தும். மனிதனோ கலத்தில் ஏந்தி அருந்துவான். ஆதலின், எந்தப் பானத்துக்கு எந்தக் கலத்தை ஒரு சமூகம் தேர்ந்துகொண்டது என்பதை நோக்கினால், அப்பானத்தைப் பற்றியும் அதனைப் பருகுவோரைப் பற்றியும் அச்சமூகம் என்ன எண்ணியது என்பதனை ஓரளவுக்கு அறிந்துகொள்ளலாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்னர் வழங்கிய மூக்குப்பேணி இதற்குத் தக்க சான்று. இதழ் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளுமாறு அமைந்தது அதன் மூக்கு. எச்சில் பற்றிய எண்ணமே அதன் வடிவை நிருணயித்தது. கூழுக்கும் கள்ளுக்கும் பனையோலையை மடித்துக் கோலிய பிளா போதுமானதாயிருந்தது. அதே மண்ணின் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென வேறு கலங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன என்பதும், அதனை எதிர்த்து 1960களின் பிற்பகுதியில் போராட்டங்கள் நிகழ்ந்தன என்பதும் மறத்தற்குரியன அல்ல. கலம் ஒருபோதும் வெறுங்கலமாக இருந்ததில்லை.

மூக்குப்பேணிக்கு மூக்கு உண்டு. ஆயின், குடிப்பவனுடைய மூக்குக்கு அங்கே வேலை இல்லை. குடிப்பவனுடைய மூக்கையே முதன்மையாகக் கருதி ஆக்கப்பட்ட கலம் எதுவெனத் தேடுவோர், ஸ்கொட்லாந்து மக்கள் தம் விஸ்கிக்கென வடித்த சிறு கண்ணாடிக் குவளையிடம் வந்துசேர்வர். மதுவைப் பற்றிய பேச்சுத் தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். தமிழிலக்கியம் இவ்விடயத்தில் வாய் மூடியிருந்ததில்லை. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரனார், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட அவன் மகிழ்ந்திருக்குமாறு புறநானூற்றின் 56ஆம் பாட்டில் வாழ்த்துகின்றார். பானத்தின் மணமும் கலத்தின் அழகும் அங்கு ஒருங்கே நிற்கின்றன. அதியமான் இறந்தபோது ஒளவையார் முதலில் நினைவுகூர்வது அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பாங்கினையே. மறுபுறத்தில், திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையை வற்புறுத்துகின்றது. களித்தவனைக் கண்ட தாயின் முகத்தை நம்முன் நிறுத்துகின்றது. இவ்விரு குரல்களுக்கும் இடைப்பட்டதொரு நிதானத்தைத் தமிழர் பின்னாளில் வளர்த்துக்கொண்டனரா என்பது சிந்திக்கத்தக்கது.

விஸ்கி என்னும் பெயர் கேலிக் மொழியில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் தொடரின் சிதைவாகும். இலத்தீன் மொழியில் வடிமதுவுக்கு வழங்கிய பெயருக்கும் பொருள் அதுவே. 1494ஆம் ஆண்டுக்குரிய ஸ்கொட்லாந்து அரசிறைக் கணக்கொன்றில், மன்னனின் ஆணைப்படி உயிர்நீர் ஆக்குவதற்காக ஜோன் கோர் என்னும் துறவிக்கு எட்டுப் 'போல்' அளவு முளைத்தானியம் வழங்கப்பட்டமை குறிக்கப்பட்டுள்ளது. இன்று மோல்ட் விஸ்கியின் ஆக்கம் இவ்வாறு நடைபெறும்: பார்லியை நனைத்து முளைக்கவிட்டு உலர்த்துவர், அரைத்து வெந்நீரில் இட்டு இனிப்பை வடிப்பர், நொதிக்கவைத்துச் செப்பு வாலைகளிற் காய்ச்சி வடிப்பர். பின்னர் ஓக் மரப் பீப்பாவில் அடைத்து உறங்கவிடுவர். 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அது ஸ்கொட்லாந்து மண்ணிலேயே குறைந்தது மூன்று ஆண்டுகள் பீப்பாவிற் கிடத்தல் வேண்டும். போத்தலில் அடைக்கும்போது அற்ககோல் 40 வீதத்துக்குக் குறைதல் ஆகாது. அவ்வாறு கிடக்கும் காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் மரத்தினூடே ஆவியாகி மறையும். அதனைத் தேவதைகளின் பங்கு என்பர் அந்நாட்டவர்.

இத்தனை காலமும் உழைப்பும் ஈட்டித் தருவது யாது? போதையன்று. போதைக்கு வேண்டிய எதனோல் வாலையிலிருந்து வடிந்த அன்றே ஆயத்தமாகிவிடுகின்றது. ஆண்டுகள் தருவது மணமும் சுவையுமே. நொதித்தலிற் பிறந்த எசுத்தர்கள் வாழைப்பழத்தையும் பேரிக்காயையும் நினைவூட்டுவன. ஓக் மரத்திலிருந்து இறங்கும் வனிலின் இனிப்புப் பண்டங்களின் வாசனையைத் தரும். அம்மரத்தின் இலக்ரோன் என்னும் சேர்வை தேங்காயின் மணமுடையது. ஐலா போன்ற தீவுகளின் விஸ்கிகள் பலவற்றில், முளைத்தானியத்தை உலர்த்த எரித்த முற்றாநிலக்கரியின் புகை தங்கியிருக்கும். வடகடலின் குளிரில் ஆக்கப்பட்ட பானமொன்றில் தேங்காயையும் வாழையையும் நுகரும் ஈழத்தவன் வியப்படையாதிருக்க முடியாது.

நாவினால் அறியப்படுவன இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு முதலாய சிலவே. சுவை என நாம் கருதுவதிற் பெரும்பங்கு மூக்கினால் அறியப்படுவது. மூக்கு அடைத்த நாளில் உணவு சப்பென்றிருப்பதே இதற்குச் சான்று. ஆனால், விஸ்கியை நுகர்வதில் ஓர் இடர் உண்டு. அதிலுள்ள எதனோல் விரைவில் ஆவியாகி எழுந்து நாசியின் நரம்பைக் குத்தும். குத்துண்ட மூக்கு, நுண்ணிய மணங்களைச் சிறிது நேரம் உணராது. ஆகவே விஸ்கிக் கலத்துக்கு இரு கடமைகள்: மணத்தைச் சிதறவிடாது திரட்ட வேண்டும், எதனோலின் குத்தலையும் தணிக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று முரணுவன. நல்ல கலம் என்பது இம்முரணுக்குக் கண்ட உடன்பாடு.

பொதுவாக விஸ்கியோடு சேர்த்து எண்ணப்படுவது அகன்ற வாயும் தடித்த அடியும் கொண்ட தம்ளரே. தமிழர் வீடுகளில் நீருக்கும் தேநீருக்கும் வழங்கும் இச்சொல், கவிழ்ந்து உருளுதலைக் குறிக்கும் ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. அடி உருண்டு, நேரே நில்லாத பழைய குவளைக்கே முதலில் அப்பெயர் வழங்கிற்று. அதனைக் கீழே வைக்க வேண்டுமாயின் உள்ளதைக் குடித்துத் தீர்த்தாக வேண்டும். இன்றைய தம்ளர் நேரே நிற்கின்றது. பனிக்கட்டி இடுவதற்கும் சோடா கலப்பதற்கும் ஏற்றதாக இருக்கின்றது. ஆயினும் அதன் அகன்ற வாயினூடே மணம் விரைந்து கலைந்துவிடும். பனிக்கட்டியின் குளிரும் மணப்பொருள்கள் ஆவியாவதைத் தடுக்கும். ஆறுதலாகக் குளிர்ந்ததொரு பானம் வேண்டுபவருக்குத் தம்ளர் போதும். பன்னிரண்டு ஆண்டுகள் பீப்பாவில் நிகழ்ந்ததை அறிய விரும்புபவருக்குப் போதாது.

ஸ்கொட்லாந்தின் தொன்மையான கலமோ 'குவேக்' எனப்படுவது. கேலிக் மொழியிற் கிண்ணத்தைக் குறிக்கும் சொல் அது. ஆழமற்ற வட்டக் கிண்ணம். இரு புறமும் பிடிகள். ஆதியில் மரத்தினாலும் பின்னர் வெள்ளியினாலும் ஆக்கினர். இரு கைகளாலும் ஏந்திக் குடித்து, இரு கைகளாலும் அடுத்தவனுக்குக் கொடுப்பது மரபு. மணத்தைத் திரட்டுவதற்கு அதனினும் பொருத்தமற்ற வடிவத்தைக் காண்பது அரிது. ஆனால் அதன் நோக்கம் மணமன்று, நட்பு. மூக்குப்பேணி எச்சிலை விலக்க எழுந்தது. குவேக் எச்சிலைப் பகிர்ந்துகொள்ள எழுந்தது.

விஸ்கிகளைக் கலந்து தரம் பேணும் வல்லுநர்கள் இவ்விரண்டையும் விடுத்து, ஸ்பானியர் ஷெரி மதுவுக்குப் பயன்படுத்திய 'கொப்பீற்றா' என்னும் கிண்ணத்தைத் தம் தொழிலுக்கு எடுத்துக்கொண்டனர். மெல்லிய தண்டின்மேல், அடிவயிறு பருத்து வாய் குவிந்த வடிவம் அது. இக்கருத்தினை அடியொற்றி, றேமண்ட் டேவிட்சன் என்பவர் வடிவமைத்த 'கிளென்கெயர்ன்' குவளை 2001இல் வெளிவந்தது. தண்டுக்குப் பதிலாகத் தடித்த குட்டை அடி, கைதவறி உடையாத உறுதி, பருத்த வயிறு, மேலே ஒடுங்கும் கழுத்து. வல்லுநரின் கருவியைப் பொதுமக்களின் கையில் தந்தமையே அதன் சிறப்பு. 2006இல் அது பிரித்தானிய அரசியின் புத்தாக்க விருதினைப் பெற்றது.

கலத்தின் வடிவம் மணத்தை மாற்றும் என்பது வியாபாரிகளின் கட்டுக்கதையெனச் சிலர் ஐயுறுவர். 2015இல் யப்பானிய ஆய்வாளர் சிலர், எதனோல் ஆவியைப் படம்பிடிக்கவல்ல ஒரு கருவியினால் திராட்சை மதுக் குவளைகளை ஆராய்ந்தனர். 13 பாகை செல்சியசில், குவிந்த வாயுடைய குவளையில் எதனோல் ஆவி விளிம்பை ஒட்டி வளையமாகச் செறிந்து, நடுவில் ஐதாயிருந்தது. நேர்ச்சுவருடைய குவளையில் அவ்வளையம் தோன்றவில்லை. ஆய்ந்தது விஸ்கியன்று, எனினும் வடிவம் ஆவியின் ஒழுங்கை மாற்றவல்லது என்பது கண்கூடாயிற்று.

இனி, நீர் கலக்கலாமா என்பது பழைய வழக்கு. 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், பிரீட்மன் என்னும் இருவர் கணனி மாதிரிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். புகைமணம் தரும் குவாயக்கோல் என்னும் பொருள், எதனோல் 45 வீதம் வரையுள்ள கலவையில் மேற்பரப்பை நாடி நிற்கின்றது. எதனோல் மிகுந்த கலவையில் உள்ளே அமிழ்கின்றது. வன்மை மிகுந்த விஸ்கியிற் சிறிது நீர் துளிப்பது அப்பொருளை மூக்குக்கு அண்மையிற் கொணர்கின்றது எனலாம். பாட்டன்மார் பழக்கத்தால் அறிந்ததற்கு இரசாயனவியல் காரணம் கூறியுள்ளது.

பருகும் முறை எளிது. குவளையின் வயிறு பருத்த இடத்துக்கும் கீழாகவே ஊற்றுதல் வேண்டும். பிரித்தானிய மதுச்சாலைகளில் ஓர் அளவு 25 அல்லது 35 மில்லிலீற்றர். குவளையை மெல்லச் சுழற்றி, வாயைச் சற்றே திறந்தவாறு, மூக்கை விளிம்பினுள் ஆழ்த்தாது அருகே கொணர்ந்து நுகர்தல் வேண்டும். முதல் முறை குத்தல். இரண்டாம் முறை இனிப்பு. மூன்றாம் முறை ஏதோவொரு பழம், அல்லது ஈரமரம். பின்னர் ஒரு சிறு மிடறு. நாவில் உருட்டி விழுங்கியபின், தொண்டையிலிருந்து மூக்கினூடே திரும்பிவரும் மணத்துக்குக் காத்திருத்தல். பின் சில துளி நீர், மீண்டும் முதலிலிருந்து. இவ்வாறு பருகுபவருக்கு 25 மில்லிலீற்றர் ஒரு மணி நேர உரையாடலுக்குப் போதும்.

இங்குதான் கலத்தைப் பற்றிய பேச்சு ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகின்றது. ஈழத்தில் மது பெரும்பாலும் மறைவிற் குடிக்கப்படுகின்றது. மறைவில் குடிப்பவனுக்கு அவகாசம் இல்லை. அவகாசம் இல்லாதவனுக்கு மணமும் இல்லை. போத்தல் வாயோடு சேரும்; முகத்தைச் சுளித்து விழுங்குவான்; சுளிப்பை மறைக்கக் காரமான எதையாவது கடிப்பான். அவன் விரும்பாத சுவையை அவன் விரும்பும் மயக்கத்துக்காகப் பொறுத்துக்கொள்கின்றான். அம்மயக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் வீட்டிலிருக்கும் மனைவியும் மக்களுமே. கலத்தில் ஊற்றப்பட்டது கண்ணுக்குத் தெரியும், அளவிடப்படும், பிறர் முன்னிலையில் இருக்கும். போத்தலிலிருந்து நேரே குடிப்பவனுக்கு அளவைக் காட்ட எதுவுமில்லை.

இதனைக் கொண்டு, நல்ல குவளை வாங்கியவன் நல்லவனாகிவிடுவான் என முடிவுசெய்தல் பேதைமை. பளிங்குக் குவளையில் அருந்தி அழிந்த கனவான்களும் பலர். அவர்களுடைய அழிவு நாகரிகம் என்ற பெயரால் நெடுநாள் மறைக்கப்பட்டது ஒன்றே வேறுபாடு. ஈயம் கலந்த பளிங்குச் சாடியில் மதுவை நெடுங்காலம் வைத்திருந்தால் ஈயம் அதிற் கரையும் என 1991இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். அழகிய கலமும் நஞ்சூட்டக்கூடும். மேலும், உடல்நலத்துக்கு முற்றிலும் தீங்கற்ற மது அளவு எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே கூறியது. 40 வீத விஸ்கியின் 25 மில்லிலீற்றரில் 10 மில்லிலீற்றர் தூய அற்ககோல் உண்டு. தேங்காய் மணத்தை நுகர்ந்து மகிழ்ந்தவனின் ஈரலும் அதனையே எதிர்கொள்ளும். குடியாதிருப்பவன் எதனையும் இழந்தவன் அல்லன். குடியினின்று மீள முயல்பவனுக்கு இக்குவளையைக் காட்டுவது கொடுமை.

எனினும் கலம் புகட்டும் பாடம் மதுவோடு முடிவதன்று. ஐயுறுபவர் ஒரே கோப்பியை அகன்ற கிண்ணமொன்றிலும் வாய் ஒடுங்கிய குவளையொன்றிலும் ஊற்றி, மாறி மாறி நுகர்ந்து பார்க்கலாம். பானம் ஒன்றே; அறியப்படுவது வேறு. ஓர் அனுபவத்தை முழுமையாகப் பெறுவதற்கு அதனைப் பெருக்கவேண்டியதில்லை, அதனை ஏந்தும் முறையைத் திருத்தினாற் போதும் என்பது நூலைக் கற்பவனுக்கும் இசையைக் கேட்பவனுக்கும் பொருந்தும். மிகுதியாகக் கொண்டவனே மிகுதியாக இன்புறுவான் என்னும் எண்ணம் இன்று எங்கும் பரவியிருக்கின்றது. அதனை மறுப்பதற்கு, கால்வாசிக்கும் குறைவாக நிரப்பப்பட்ட ஒரு சிறு குவளையும், அதனை முடிக்க விரையாத ஒருவரும் போதும்.