அடைப்பு எங்கே இருக்கிறது

எங்க தெருவுக்குள் ஊர்க்காரர்கள் இரண்டு காரியத்துக்குத்தான் வருவார்கள். ஓட்டுக் கேட்க வருவார்கள். கக்கூஸ் அடைத்துக்கொண்டால் வருவார்கள்.

போன கோடையில் ஆண்டிபட்டியில் ஒரு வீடு. "ஏப்பா, தண்ணி மேல ஏறி நிக்குது. டேங்க்ல எறங்கி அள்ளிப்புடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு 56 வயது. அவர் பேரன்கூட என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

அடைப்பைக் கண்டுபிடிக்க யாரும் இறங்க வேண்டியதில்லை. கக்கூஸுக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள சேம்பரைத் திறந்தால் போதும். காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுப்பக்கம். நிறைந்து நின்றால் டேங்குப்பக்கம். அங்கே நிறைந்து நின்றது. டேங்க் மூடியை நீக்கித் தள்ளி நின்று பார்த்தேன். தண்ணீர் குழாய்க்குக் கீழேதான் இருந்தது. ஆக, டேங்கில் கோளாறில்லை. சேம்பரிலிருந்து மூங்கில் தப்பையை விட்டேன். ஆறடியில் முட்டியது. இழுத்தால் நுனியில் வேர். தப்பையைத் தரைமேல் போட்டு அளந்தேன், வேப்பமரத்தடியில் போய் நின்றது.

"அய்யா, மண்கொழா மூட்டு விட்டு வேரு பூந்திருக்கு. தோண்டி மாத்தணும். டேங்க்ல எறங்குறதுக்கு வேலையே இல்ல."

"அத கொத்தனார் சொல்லட்டும். நீ எறங்கு."

இறங்க மாட்டேன் என்றேன். எங்க சித்தப்பா டேங்குக்குள்தான் செத்தார். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்த வாயு கூடிப்போனால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. வாடை இல்லையே என்று நம்பி இறங்குகிறவன் ஏறி வருவதில்லை. அவனைத் தூக்கப் போகிறவனும் சாகிறான்.

கொத்தனார் வந்தார். தப்பையைப் பார்த்தார். நான் சொன்னதையே சொன்னார். உடனே வீட்டுக்காரர் சரியென்றார்.

தோண்டியது நான். உடைந்த குழாயை எடுத்து, வேரை வெட்டி, மணல் பரப்பி, நாலு இஞ்சு பிவிசி குழாய் போட்டேன். பத்தடிக்கு ரெண்டு இஞ்சு வாட்டம். மூடுவதற்கு முன் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி மூட்டுகளைப் பார்த்தேன். கொத்தனாருக்குக் கொத்தனார் கூலி. எனக்கு ஆள்கூலி. அதையும் திண்ணையில் வைத்து, எடுத்துக்கொள் என்றார்கள்.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்பில்லாமல் மனிதனைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவது குற்றம். 1993க்குப் பின் சாக்கடையில் செத்தவர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. செத்தால் என்ன தருவதென்று எழுதிவிட்டார்கள். உயிரோடு நின்று, "எறங்க வேண்டியதில்ல, கோளாறு இங்க இருக்கு" என்று சொல்கிறவன் பேச்சை யார் கேட்பது?

நான் சொன்னால் அது சேரிக்காரன் சாக்கு. கொத்தனார் சொன்னால் அது தொழில் அறிவு. அடைப்பு குழாயில் மட்டும் இல்லை.

என் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மாட்டார்கள். ஆனால் இன்று இதைச் செய்கிறவனுக்குக் கொத்தனார் கூலி வேண்டும், அதுவும் கையில் வேண்டும். இயக்கத் தோழர்கள் கோரிக்கை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.