டீச்சர் வந்துச்சு!

அண்ணன் மகளுக்கு அப்போது மூன்றரை வயசு. எல்.கே.ஜி.யில் சேர்த்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். புகார் இதுதான்: பிள்ளை 'டீச்சர் வந்துச்சு' என்கிறாள்!

'நான் என்ன ஆடா, மாடா சார்?' என்று அந்த டீச்சர் கேட்க, அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மதுரைப் பக்கம் தமிழ் வீடுகளிலேயே 'அக்கா வந்துச்சு' சகஜம் என்பது வேறு விஷயம். தீர்ப்பும் அங்கேயே கிடைத்தது. 'வீட்ல தெலுங்கு பேசுறதாலதான் பிள்ளை குழம்புது. நிப்பாட்டுங்க.'

எங்களுக்கு டி. கல்லுப்பட்டி. மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ்ஸில் போயிருந்தால், எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். நாயக்கர் காலத்தில் வந்து தங்கிய தெலுங்குக் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. வீட்டுக்குள் தெலுங்கு, வாசப்படி தாண்டினால் தமிழ். தெலுங்கில் எழுதப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த இடைசெவல் கி.ரா.தான், தமிழில் எழுதி 1991-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார். அவர் எங்கே குழம்பினார்?

நான் படித்தது பி.காம். இலக்கணத்துக்கும் எனக்கும் ஸ்கூலிலேயே ஆகாது. ஆனால், கணக்கு படித்தவனுக்கு ஒரு புத்தி உண்டு. ஒரே தப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், பின்னால் ஏதோ ஒரு முறை இருக்கிறது என்று அர்த்தம். அவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டேன். அம்மா வந்துச்சு, அவ்வா வந்துச்சு, பஸ் வந்துச்சு. ஆனால், தம்பி? 'தம்பி வந்தான்'தான். ஒரு தடவைகூட அவனுக்கு 'வந்துச்சு' இல்லை!

தெலுங்கு தெரிந்தவர்கள் பிடித்திருப்பீர்கள். அங்கே ஒருமையில் ஆணுக்கு 'வச்சினாடு'. பெண்ணுக்கும் பசுவுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே 'வச்சிந்தி'. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத அந்த விதியை, மூன்றரை வயசில் பிசகாமல் கற்றுக்கொண்டு, கையோடு தமிழுக்கும் கொண்டுவந்திருக்கிறாள். இதற்குப் பெயர் குழப்பமா?

சீனக் குழந்தைகளிடமும் இந்தக் கூத்து உண்டு என்று பிற்பாடு படித்தேன். ஹாங்காங்கில் வர்ஜீனியா யிப், ஸ்டீபன் மேத்யூஸ் என்று ஒரு மொழியியல் தம்பதி. காண்டனீஸ் சீனமும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகளை - தங்கள் சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து - வருஷக்கணக்கில் பதிவு செய்து 2007-ல் புத்தகம் போட்டார்கள். 'தாத்தா கொடுத்த பொம்மை' என்கிறோமே, காண்டனீஸிலும் மாண்டரினிலும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் பொம்மை முன்னால் வந்துவிடும். அந்தப் பிள்ளைகளோ முதலில் ஆங்கிலத்திலும் தாத்தாவையே முன்னால் நிறுத்தின. வளர வளரத்தான் ஆங்கில வரிசைக்கு மாறின.

எங்கள் வீட்டில் அவ்வளவு பொறுமை இல்லை. தெலுங்கை நிறுத்தினோம். 'தம்பி வந்தான்' விஷயம் எனக்குத் தெரியும். ஆனாலும், 'எதுக்கு வம்பு' என்று வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷத்தில் 'டீச்சர் வந்தாங்க' வந்துவிட்டது. தெலுங்கு போய்விட்டது.

இப்போது அவளுக்குப் பதினைந்து. போன வருஷம் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்து எழுந்தாள், ஆனால், நாக்கு தமிழை விட்டுவிட்டது. வருவதெல்லாம் தெலுங்குதான். ஒருநாள் பேத்தியிடம் 'மஞ்சி நீள்ளு' கேட்டிருக்கிறாள். குடிக்கிற தண்ணீர். இவள் மஞ்சளைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள். அவ்வா பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். போன வாரம் நான் ஊருக்குப் போனபோது, முதல் வாக்கியத்தைப் பெருமையாகச் சொல்லிக் காட்டினாள்.

'அவ்வா வச்சினாடு!'

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, தெலுங்கில் கேட்டாள்...

'ஏன்டா, நான் எப்படா ஆம்பளை ஆனேன்?'