இன்னார் மகன்

மக்கள் பிறக்கும்போது பெயரோடு பிறப்பதில்லை. பிறர் இட்ட பெயரையே ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுவதும் தாங்குகின்றனர். மறைந்த பின்னும் அதனையே உலகில் விட்டுச் செல்கின்றனர். அப்பெயரோடு தந்தையின் பெயரும் சேருமாயின், அது ஒருவருக்குப் பெருமையும் ஆகலாம், சுமையும் ஆகலாம். இவ்விரண்டையும் ஈராயிரத்து எழுநூறு ஆண்டுகளாக அறிந்தவர் கிரேக்க மக்கள். அவர்தம் குடும்பப் பெயர்களை ஆராய்ந்து நோக்கின், ஒரு நாட்டின் வரலாறே அவற்றுள் பொதிந்திருத்தல் புலனாகும்.

கிரேக்க இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்பது ஹோமர் இயற்றியதாகக் கூறப்படும் இலியட் என்னும் காவியம். அதன் முதல் அடியிலேயே வீரன் அக்கிலீஸின் பெயரோடு அவன் தந்தை பீலியஸின் பெயரும் சேர்ந்து ஒலிக்கிறது. பீலியஸின் மகன் ஆதலின் அவன் ‘பெலீடிஸ்’ எனப்பட்டான். ஆத்ரியஸின் மைந்தர்களாகிய அகமெம்னானும் மெனலாஸும் ‘ஆத்ரீடிஸ்’ என்னும் பெயர் பெற்றனர். ‘இடிஸ்’ என்னும் விகுதி, மகன் அல்லது வழித்தோன்றல் என்னும் பொருளைத் தரும்.

இவ்வாறு அழைப்பது வெறும் வழக்கம் அன்று; அது மதிப்பின் அடையாளம். இலியட்டின் பத்தாம் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. நள்ளிரவு; பகைவர் படை அருகே பாசறை அமைத்திருக்கிறது. உறக்கம் கொள்ளாத அகமெம்னான் தன் தம்பியிடம், வீரர்களை எழுப்பிவருமாறு பணிக்கிறான். அப்போது, ஒவ்வொரு வீரனையும் அவன் தந்தையின் பெயரையும் குடியையும் சொல்லி அழைக்குமாறும், செருக்கின்றி அனைவரையும் பெருமைப்படுத்துமாறும் அறிவுறுத்துகிறான். அச்சம் சூழ்ந்த இருளில் ஒருவனுக்குத் துணிவு தருவது எது? தான் தனியன் அல்லன், ஒரு குடியின் தொடர்ச்சி என்னும் நினைவு அன்றோ? அந்நினைவை எழுப்புதற்குத் தந்தையின் பெயர் ஒன்றே போதுமானதாயிற்று.

காவிய காலத்திற்குப் பின் ஏதென்ஸ் நகரில் தந்தையின் பெயர் வேறொரு வடிவம் கொண்டது. அங்கே ஒருவருடைய பெயரை அடுத்து அவர் தந்தையின் பெயர் ஆறாம் வேற்றுமையில் நின்றது. ‘சோப்ரோனிஸ்கஸினுடைய சாக்ரடீஸ்’ என்றால், சோப்ரோனிஸ்கஸின் மகனாகிய சாக்ரடீஸ் என்பது பொருள். மகன் என்னும் சொல்லே வேண்டுவதில்லை. வேற்றுமை உருபே உறவைக் காட்டியது. மக்கள் வாக்களித்து ஒரு தலைவரைப் பத்து ஆண்டுகளுக்கு நாடு கடத்தும் வழக்கம் அந்நகரில் இருந்தது. அவ்வாக்குகள் உடைந்த மட்கல ஓடுகளில் கீறப்பட்டன. அகழ்வாராய்ச்சியில் அத்தகைய ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. சாந்திப்பஸின் மகன் பெரிக்கிளீஸ், நியோக்ளீஸின் மகன் தெமிஸ்டாக்ளீஸ் எனத் தந்தையர் பெயர்களை அவற்றில் இன்றும் படிக்கலாம். புகழ் வந்தபோது மட்டுமன்றிப் பழி வந்தபோதும் தந்தையின் பெயர் மகனை விட்டு நீங்கவில்லை.

தந்தையின் பெயர் உயர்ந்தோர்க்கு அணியாக விளங்கியது போலவே, எளியோர்க்கும் புதியோர்க்கும் இடராகவும் முடிந்தது. புகழ்பெற்ற குடியிற் பிறந்தவன் தன் தந்தையின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்வான். அயல்நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவனின் மகன் என் செய்வான்? அவன் தந்தையின் பெயரே அவன் புதியவன் என்பதைக் காட்டிக்கொடுக்கும். கி.மு. 508-ஆம் ஆண்டையொட்டி ஏதென்ஸ் அரசியலைச் சீர்திருத்திய கிளீஸ்தெனீஸ் என்பார் இதற்கு ஒரு வழி கண்டார். மக்களை அவரவர் வாழ்ந்த ஊர்ப்பிரிவுகளில் பதிவு செய்து, அவ்வூரின் பெயராலேயே அவர்கள் அழைக்கப்பட வேண்டும் என்று வகுத்தார். தந்தையின் பெயரைச் சொல்லிப் புதிய குடிமக்களை எவரும் பிரித்துக் காட்டலாகாது என்பதே அதன் நோக்கம் என அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியல்’ என்னும் நூல் கூறுகிறது. ஆயினும் பழைய பழக்கம் மறையவில்லை. தன் பெயர், தந்தையின் பெயர், ஊரின் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவருடைய முழுப் பெயர் ஆயின. சமத்துவத்தை நாடிய சட்டமும் குடிப்பெருமையை நாடிய மனமும் ஒரே பெயருக்குள் இடம்பெற்றன.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுதல் வேண்டும். அக்காலத்துத் தந்தைப் பெயர் தலைமுறைதோறும் மாறியது. சாந்திப்பஸின் மகன் பெரிக்கிளீஸ். பெரிக்கிளீஸின் மகன் மீண்டும் சாந்திப்பஸ். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் இவ்வழக்கம் கிரேக்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. ஆனால், வழிவழியாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் அக்காலத்தில் இல்லை. அது இடைக்காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசின் உயர்குடிகளிடையே தோன்றிப் பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லப் பொதுமக்களிடமும் பரவியது.

மாறும் பெயர் மாறாப் பெயராக நிலைபெற்ற விதத்திற்கு எழுத்தாளர் அலெக்சாந்திரோஸ் பாப்பதியமாந்திஸ் நல்லதோர் எடுத்துக்காட்டு. இவர் 1851-ஆம் ஆண்டில் ஸ்கியாதோஸ் என்னும் சிறு தீவில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயர் அதமாந்தியோஸ். குடும்பப் பெயர் இம்மானுவேல். அவர் கிறித்தவக் குரு ஆதலின், குருவைக் குறிக்கும் ‘பாப்பா’ என்னும் சொல்லை முன்னிட்டு ஊரார் அவரைப் ‘பாப்பா தியமாந்திஸ்’ என்று அன்புடன் அழைத்தனர். தந்தையை ஊர் அழைத்த அப்பெயரே மகனுக்குக் குடும்பப் பெயர் ஆயிற்று. இன்று அத்தீவின் பெயரைச் சொல்லும்போதே அவர் பெயரும் நினைவுக்கு வருகிறது.

கிரேக்கத் திருச்சபையில் மணம்புரிந்த ஒருவரும் குருவாகலாம். ஆதலின் குருவின் மக்கள் ஊர்தோறும் இருந்தனர். கிரேக்க நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் முதன்மையானது ‘பாப்பதோபுலோஸ்’ என்பது. குருவின் மகன் என்பது அதன் பொருள். அதன் இறுதியிலுள்ள ‘புலோஸ்’ என்னும் விகுதி, பறவைக் குஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெற்றோர் தம் மகவைக் குஞ்சு என்று கொஞ்சும் அன்பு அவ்விகுதிக்குள் உறைந்து கிடக்கிறது.

கிரேக்கக் குடும்பப் பெயர்களின் விகுதிகள் ஒரு நாட்டுப்படம் போன்றவை. ‘புலோஸ்’ என்று முடியும் பெயர் பெரும்பாலும் பெலோப்பொனீஸ் பகுதிக்கு உரியது. ‘ஆக்கிஸ்’ என முடிவது கிரீட் தீவினர் பெயர். ‘ஆத்தோஸ்’ என்பது கெஃபலோனியாத் தீவையும், ‘எல்லிஸ்’ என்பது லெஸ்போஸ் தீவையும் நினைவூட்டும். சைப்ரஸ் தீவிலோ, யோவானின் மகன் ‘இயோவானு’ எனவும், ஜார்ஜின் மகன் ‘கியோர்கியு’ எனவும் வழங்கப்படுவர். பண்டை ஏதென்ஸின் ஆறாம் வேற்றுமை அப்பெயர்களில் இன்னும் வாழ்கிறது.

‘ஆக்கிஸ்’ என்னும் விகுதி சிறுமைப் பொருள் தருவது. கிரீட் தீவை ஆண்ட துருக்கியர் அம்மக்களை இழிவுபடுத்தவே அவ்விகுதியைப் புகுத்தினர் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆனால், ‘ஆக்கி’ என்னும் குறுமை விகுதி, துருக்கியர் அத்தீவிற்கு வருமுன்னரே கிரேக்க மொழியில் இருந்தது. ஆகவே ‘தியோடோராக்கிஸ்’ என்பது சிறிய தியோடோர் என அன்போடு சுட்டுவதே அன்றி, வசை அன்று. தந்தைக்கு மகன் எவ்வளவு வளர்ந்தாலும் சிறுவன்தானே!

முன்னொட்டுகளும் வரலாறு கூறும். எருசலேம் நகருக்குத் திருப்பயணம் சென்று மீண்டவர் ‘ஹாட்சி’ என்னும் அடைமொழி பெற்றார். அது அவர் வழியினர் பெயரிலும் தொடர்ந்தது. ‘கரா’ என்பது கருமையைக் குறிக்கும் துருக்கியச் சொல். 1873-ஆம் ஆண்டில் பிறந்த கணித மேதை கரத்தியோடரியின் பெயரில், கரிய தியோடோர் என்னும் முன்னோர் ஒருவர் மறைந்து நிற்கிறார். எழுத்தாளர் நிக்கோஸ் கசந்த்சாக்கிஸின் பெயரில், கொப்பரை செய்யும் தொழிலாளியைக் குறிக்கும் துருக்கியச் சொல்லும் கிரீட் தீவின் விகுதியும் இணைந்துள்ளன. ஆண்டவர் மொழியும் ஆளப்பட்டவர் மொழியும் ஒரே பெயருக்குள் அமைதியாக வாழ்கின்றன.

ஆயின் மனிதர்க்கு அவ்வமைதி எப்போதும் கிட்டவில்லை. சின்ன ஆசியாவில் வாழ்ந்த கிரேக்கர் பலருடைய பெயர்கள் ‘ஓக்லு’ என முடிந்தன. மகன் என்னும் பொருளுடைய துருக்கியச் சொல் அது. 1922-ஆம் ஆண்டில் போர் தோல்வியில் முடிந்தது. 1923-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் லோசான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கிரீசும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டன. போரில் தப்பி ஓடிவந்தவர்களையும் சேர்த்து, ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் கிறித்தவர்கள் கிரீசுக்கு வந்து சேர்ந்தனர். மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்குச் சென்றனர். வீடு, நிலம், கல்லறை அனைத்தையும் விட்டு வந்தவர்களிடம் எஞ்சியது பெயர் ஒன்றே. புதிய ஊரில் அப்பெயரும் அயலார் பெயர் போல ஒலித்தது. ஆகவே பலர் ‘ஓக்லு’ என்னும் இறுதியை நீக்கி, ‘இடிஸ்’ என்னும் பழைய விகுதியைச் சேர்த்துக்கொண்டனர். ஹோமரின் வீரர்களுக்குப் பெருமை தந்த விகுதி, நாடிழந்த ஏதிலியர்க்குப் புகலிடம் ஆயிற்று. வேறு சிலரோ ‘ஓக்லு’வை விடவில்லை. இழந்த ஊரின் கடைசி அடையாளத்தை இழக்க அவர்கள் உளம் ஒருப்படவில்லை போலும்! இவ்விரு திறத்தாரும் தம் முன்னோரை மதித்தவர்களே.

தந்தை வழிப் பெயரின் இறுதியைத் துறந்து புகழ்பெற்றவர்களும் உளர். இலக்கியத்திற்காக நோபல் பரிசு பெற்ற கிரேக்கர் இருவர். 1963-ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்ற கவிஞர் செஃபேரிஸின் குடும்பப் பெயர் செஃபேரியாடிஸ். 1979-ஆம் ஆண்டில் பெற்ற கவிஞர் எலீத்திஸின் குடும்பப் பெயர் அலெப்புதெல்லிஸ். முன்னவர் தம் குடும்பப் பெயரின் விகுதியைக் குறைத்துக்கொண்டார். பின்னவர் முற்றிலும் புதிய பெயர் புனைந்தார். இருவரும் தாய்மொழியையோ முன்னோரையோ துறந்தாரல்லர்; கவிதைக்குத் தாமே பொறுப்பு என்பதைத் தம் பெயராலும் காட்டினர்.

இனி மகளிர் நிலையை நோக்குதல் வேண்டும். ‘பாப்பதோபுலோஸ்’ என்பது ஆடவர் பெயர். அவருடைய மகள் ‘பாப்பதோபுலு’ எனப்படுவாள். அது ஆறாம் வேற்றுமை. பாப்பதோபுலோஸினுடையவள் என்பது அதன் பொருள். ஆடவர் பெரும்பாலோர் எழுவாய் வடிவில் நிற்க, மகளிர் உடைமைப் பொருளில் நின்றனர். மணமானவுடன் தந்தையின் பெயர் நீங்கிக் கணவனின் பெயர் வந்து சேர்ந்தது; வேற்றுமை மட்டும் மாறவில்லை. 1983-ஆம் ஆண்டில் கிரேக்க நாடு தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தியது. மணத்தால் ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் மாறுவதில்லை என்றும், மக்களுக்கு எவர் பெயர் வழங்குவது என்பதைப் பெற்றோர் இருவருமே முடிவு செய்யலாம் என்றும் அத்திருத்தம் வகுத்தது. பெயரின் இலக்கணம் பழையபடியே உள்ளது. ஆயினும் அப்பெயரை வாழ்நாள் முழுவதும் தனதாகக் கொள்ளும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது. கிளீஸ்தெனீஸ் தொடங்கிய பணி இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் மேலும் ஓர் அடி முன்னேறியது எனலாம்.

யூபியாத் தீவின் கீமி என்னும் ஊரில் 1883-ஆம் ஆண்டில் பிறந்தவர் மருத்துவர் கியோர்கியோஸ் பாப்பநிக்கொலாவு. குரு நிக்கோலாவினுடையவர் என்பது அவர் பெயரின் பொருள். அவர் அமெரிக்கா சென்று, நுண்ணோக்கியின் வழியே பல்லாண்டுகள் உயிரணுக்களை ஆராய்ந்தார். அவர் துணைவியார் ஆந்திரோமாக்கியும் ஆய்வுக்கூடத்தில் உடனிருந்து உழைத்தார். பெண்களின் கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோயை முன்கூட்டியே காணும் சோதனை அவ்வுழைப்பின் பயன். உலகெங்கும் எண்ணற்ற தாய்மார்களின் உயிரைக் காத்த அச்சோதனை, அவர் பெயரின் முதற்பகுதியைக் கொண்டு ‘பாப்’ சோதனை என்றே வழங்குகிறது. ஏதோ ஒரு கிரேக்க ஊரில் வாழ்ந்து மறைந்த ஒரு குருவின் பட்டப்பெயர், அவரை அறியாத நாடுகளின் மருத்துவமனைகளிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. அதனை அங்கே கொண்டுசேர்த்தது குருதி வழியின் உயர்வு அன்று. வழித்தோன்றல் ஒருவரின் உழைப்பே ஆகும்.

இன்னார் மகன் என்று உலகம் சொல்வது பிறப்பால் வருவது. இன்னாருடைய தந்தை இவர் என்று உலகம் சொல்லுமாறு வாழ்வது ஒருவரது செயலால் வருவது. முன்னோர் தந்த பெயரைப் போற்றுவதும், அப்பெயர் பிறரைத் தாழ்த்தும் கருவியாகாமல் காப்பதும், தம் உழைப்பால் அதற்குப் புதிய பொருள் சேர்ப்பதும் பெயர் தாங்குவோர் அனைவர்க்கும் உரிய கடமைகளாகும்.