வளையத்தின் இடம்

வாப்பா மௌத்தான பிறகு அவருடைய பிரவ்னிங் ஓட்டோ-5 துப்பாக்கியின் அனுமதிப்பத்திரம் என் பெயருக்கு மாறியது. சம்மாந்துறை வயலில் பன்றி விரட்டிய துப்பாக்கி, இப்போது புறக்கோட்டைக் கடையின் மேல்மாடியில், இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது.

ஒரு போயா தினம், கடை பூட்டு. உள்ளே தோட்டா இல்லையென்று இருமுறை பார்த்துவிட்டுக் கழற்றினேன். வெட்டுத்துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் பூசினேன்.

கழற்றுவது இலேசு. பூட்டுவதில்தான் சோதனை. 1900இல் ஜோன் பிரவ்னிங் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், வெடிக்கும்போது குழலும் பின்னால் ஓடிவரும். அந்த வேகத்தைத் தாங்குபவை ஒரு ஸ்பிரிங்கும், ஓர் உராய்வுத் துண்டும், ஓர் உருக்கு வளையமும்தான். வலுவான தோட்டாவென்றால் வளையம் ஸ்பிரிங்கின் முன்னால், உராய்வுத் துண்டை ஒட்டி இருக்கவேண்டும். இலேசான தோட்டாவென்றால் ஸ்பிரிங்கின் பின்னால்.

“மகன், வளையத்தப் பாத்துப் போடு” என்று வாப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்கு அலுப்பாக இருக்கும்.

அன்று நான் பின்னால் போட்டுவிட்டேன். பெட்டியிலோ வாப்பா வைத்துப்போன வலுவான தோட்டாக்கள். துப்பாக்கி ஒரு குறையுமில்லாமல் பூட்டிக்கொண்டது. முன்பிடிக் கட்டையைத் துடைக்கும்போதுதான் விரலில் தட்டுப்பட்டது, பசையிட்டு ஒட்டிய பழைய வெடிப்பொன்று. வளையம் இடம் மாறினால் அடி விழுவது அந்தக் கட்டையில்தான். வாப்பா அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

மீண்டும் கழற்றினேன். நான் சுடப்போவதில்லை. ஆனாலும் அது அமானிதம். எனக்குப் பின் எடுப்பவன் உள்ளிருக்கும் வளையத்தைப் பார்க்கமாட்டான். பூட்டியவனை நம்பித்தான் எடுப்பான்.