குற்றவியலுக்கு ஒருவர்

2018 இலையுதிர்காலத்தில், எங்கள் கல்லூரிக்குக் குற்றவியல் கற்பிக்க ஒரு பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் ஐவரிடம் வந்து சேர்ந்தது. சமூகவியலிலிருந்து இருவர், உளவியலிலிருந்து ஒருவர், தத்துவத்திலிருந்து ஒருவர், மாணவர் தரப்பில் இறுதியாண்டுப் பெண் ஒருத்தி. முறையாகக் குற்றவியல் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் குழுவே தேவைப்பட்டிராது என்று முதல் கூட்டத்திலேயே தத்துவப் பேராசிரியர் சொல்லிச் சிரித்தார்.

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பதைக் கலைக்கல்லூரி என்று மொழிபெயர்த்தால் பாதிதான் பொருந்தும். அங்கே பெரும்பாலும் இளங்கலை மட்டும்தான். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மாணவர்கள். இயற்பியல் படிப்பவரும் கொஞ்சம் கவிதையும் தத்துவமும் படித்தாக வேண்டும். வகுப்பில் முப்பது பேர் இருந்தால் கூட்டம் அதிகம் என்று ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். எங்களுடையது மத்திய மேற்கில், சோள வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருக்கிறது. நாற்பது நிமிடக் கார்ப் பயணத்தில் ஒரு மாநிலச் சிறைச்சாலை. அந்த வட்டாரத்தில் எங்கள் கல்லூரியைவிட அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தச் சிறைதான்.

குற்றவியல் திடீரென்று ஏன் தேவைப்பட்டது என்பதில் மர்மம் ஏதுமில்லை. 2007க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்புகள் குறையத் தொடங்கின. அந்தக் குழந்தைகள் கல்லூரி வயதை எட்டப்போகும் 2025, 2026ஐ நினைத்து நிர்வாகம் ஏற்கெனவே தூக்கம் இழந்திருந்தது. கல்லூரியைப் பார்க்க வரும் பள்ளி மாணவர்கள் தவறாமல் கேட்ட பாடம் குற்றவியல். 2000இல் தொடங்கிய சி.எஸ்.ஐ. தொடரும் அதன் வழித்தோன்றல்களும் வளர்த்த தலைமுறை அது. கையுறையும் டார்ச் விளக்குமாகத் தரையில் முடியிழை தேடுவது தடய அறிவியல் என்றும், எந்தச் செயலை ஒரு சமூகம் குற்றம் என்று அழைக்கிறது, யாரைத் தண்டிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று கேட்பதுதான் குற்றவியல் என்றும் நாங்கள் நிர்வாகிக்கு விளக்கினோம். “அதை அவர்கள் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாமே” என்றார் அவர்.

பெரிய பல்கலைக்கழகங்களில் காவல்துறையை ஆராய ஒருவர், சிறைகளை ஆராய ஒருவர், இளம் குற்றவாளிகளுக்கு ஒருவர், புள்ளிவிவரத்துக்கு ஒருவர் என்று ஒரு துறையே இருக்கும். எங்களுக்கு வாய்த்தது ஒரே ஓர் இடம். ஆண்டுக்கு ஆறு பாடங்கள். ஆறாம் ஆண்டில் பணி நிரந்தரமானால், ஓய்வுபெறும்வரை முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளும் எங்கள் வளாகத்தில் குற்றம் என்றால் அவர் சுட்டிக்காட்டுவதுதான் குற்றம். விண்ணப்பங்களைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் மூவராகச் சுருங்கின. முதலாமவர் பத்தாண்டுகள் காவல்துறையில் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். இரண்டாமவர், உணவக முதலாளிகள் தொழிலாளரின் கூலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவதை ஆராய்ந்த பெண்மணி. மூன்றாமவர் சிறைகளின் பார்வையாளர் அறைகளைப் பற்றி, அங்கே காத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி எழுதியவர். அவருடைய விண்ணப்பக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. பத்தொன்பதாம் வயதில் கொள்ளைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு நான்காண்டுகள் சிறையில் இருந்ததாகவும், படிப்பைத் தொடங்கியதே அங்குதான் என்றும். அதற்கு அடுத்த வாக்கியம் ஆய்வு முறையைப் பற்றிப் போய்விட்டது.

அவர் அதை எழுதியிருக்கவே வேண்டாம். எங்கள் விதிப்படி, வேலையைத் தருவதாகச் சொன்ன பிறகுதான் பின்னணிச் சரிபார்ப்பு. திருமணம், குழந்தைகள், மதம் போலவே அதையும் நாங்களாகக் கேட்கக்கூடாது. அவர் தானாகச் சொன்னதை என்ன செய்வது என்று மட்டும் விதியில் எதுவும் இல்லை.

அவருக்கு முன்னோடிகள் உண்டு. ஆயுதமுனைக் கொள்ளைக்காகக் கலிஃபோர்னியாவின் சோலடாட் சிறையில் ஐந்தாண்டுகள் இருந்த ஜான் இர்வின், பின்னர் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் சமூகவியல் பேராசிரியரானார். 1970இல் வெளிவந்த அவருடைய ‘தி ஃபெலன்’ இன்றும் படிக்கப்படுகிறது. இதைக் குழுவில் ஒருவர் நினைவூட்டினார். உளவியல் பேராசிரியர் வேறொன்றை நினைவூட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த மிஷெல் ஜோன்ஸை ஹார்வர்டின் வரலாற்றுத் துறை ஆய்வு மாணவியாகத் தேர்ந்தெடுத்ததும், மேலிடம் அதை ரத்து செய்ததும் முந்தைய ஆண்டுதான், 2017இல், செய்தியாகியிருந்தன. அவர் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஹார்வர்டையே மன்னிக்காத நாங்கள், எங்கள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் ஹார்வர்டைத் திட்டினோம்.

ஒவ்வொருவரும் இரண்டு நாள் வந்து தங்கினார்கள். மாதிரி வகுப்பு, ஆய்வுரை, டீனுடன் அரை மணி, இரவு விருந்து. விருந்தில் வேட்பாளர் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை; முள்கரண்டி வாய்க்குப் போகும் நேரம் பார்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டுவிடுவோம். காவல்துறைக்காரருக்கு மாணவர்கள் திரண்டு வந்தார்கள். கதைகள் நன்றாக இருந்தன. கதைகளுக்குப் பிறகு ஒன்றுமில்லை. மூன்றாமவரின் மாதிரி வகுப்புக்குப் பதினெட்டு பேர் வந்திருந்தார்கள். சிறையின் பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். விரும்பினால் மட்டும் கை தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம் என்றார். சற்று நேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கை, அப்புறம் இன்னொன்று. மூன்றாவதாக உயர்ந்தது எங்கள் குழுவிலிருந்த மாணவியின் கை. நான்காண்டுகளாக எங்கள் வகுப்புகளில் முன்வரிசையில் இருந்தவள். அவளுடைய அண்ணன் அந்த நாற்பது நிமிட தூரத்துச் சிறையில் இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

முடிவெடுக்கும் கூட்டம் பிப்ரவரியில். காவல்துறைக்காரர் பத்து நிமிடத்தில் விலக்கப்பட்டார். அதன் பிறகு மூன்று மணி நேரம். மூன்றாமவரின் சிறைவாசம் ஒரு பொருட்டே அல்ல என்று நாங்கள் ஒவ்வொருவரும் சொன்னோம். சிலர் இருமுறை சொன்னோம். இரண்டாண்டு இராணுவத்தில் இருந்தேன் என்று அவர் எழுதியிருந்தால் அதை அனுபவம் என்றிருப்போம் என்றார் தத்துவப் பேராசிரியர். டீன் பெற்றோர்களைப் பற்றிக் கவலைப்பட்டதாக ஒருவர் சொன்னார்; நாம் அதைக் கணக்கில் கொள்ளவேண்டியதில்லை என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். பொருத்தம் என்ற சொல் அடிக்கடி வந்தது.

இந்த இடத்தில் எட்வின் சதர்லேண்ட் எங்களுக்கு வசதியாக வந்து சேர்ந்தார். அமெரிக்கக் குற்றவியலின் தந்தை என்று பலரும் சொல்லும் அவர், 1913 முதல் 1919 வரை மிசௌரியின் வில்லியம் ஜூவெல் கல்லூரியில், எங்களுடையதைப் போன்ற ஒரு சிறிய இடத்தில் ஆசிரியராக இருந்தவர். கோட்டு அணிந்தவர்களின் களவும் களவுதான் என்று 1939இல் சமூகவியலாளர்கள் முன் நின்று சொன்னவர். எழுபது பெருநிறுவனங்களின் குற்றங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1949இல் வந்தபோது, வழக்குக்கு அஞ்சி நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. பெயர்களுடன் முழுப் பதிப்பு வர 1983 ஆயிற்று. கூலித் திருட்டை ஆராயும் பெண்மணி அந்த மரபில் வருபவர் அல்லவா? எங்கள் மாணவர்கள் குற்றம் என்றால் ஏழைகளின் தெருவை மட்டும் நினைக்காமல் இருக்க இவரல்லவா வேண்டும்? இந்த வாதத்தில் பொய் எதுவுமில்லை. இன்றும் அதை நாங்கள் நம்புகிறோம். அது எந்த நேரத்தில் எங்களுக்கு நினைவு வந்தது என்பதுதான் உறுத்துகிறது.

மாணவி அதுவரை பேசவில்லை. “அது ஒரு காரணமே இல்லை என்று எல்லாரும் சொல்கிறீர்கள். காரணம் இல்லாத ஒன்றை ஏன் இத்தனை முறை சொல்லவேண்டியிருக்கிறது?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நாங்கள் தாள்களைப் புரட்டினோம்.

மூன்றுக்கு இரண்டு. யார் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை. கோப்பில் அது குழுவின் முடிவு. ஒவ்வொருவரையும் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதவேண்டும் என்பது விதி. ‘புள்ளியியல் முறைகள் கற்பித்த அனுபவம் போதாது’ என்று எழுதினோம். உண்மைதான். நாங்கள் தேர்ந்தெடுத்தவரும் அந்தப் பாடத்தை அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் எடுத்திருந்தார். மூன்றாமவருக்கு வழக்கமான அச்சுக் கடிதம் போயிற்று. கையால் இரண்டு வரி சேர்க்கலாமா என்று பேசினோம். சட்டச் சிக்கல் வரும் என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டோம்.

வந்தவர் மிக நல்ல ஆசிரியர். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2024 இலையுதிர்காலத்தில் அவருடைய பணி நிரந்தரத்துக்கான மதிப்பீட்டுக்காக எங்களில் இருவர் அவர் வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். அன்றைய பாடம் ஜான் இர்வின். வங்கியும் பள்ளியும் அந்த மனிதரை வேலைக்கு எடுக்குமா என்று விவாதம் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் இருந்த பையன், “நம் கல்லூரி எடுக்குமா?” என்றான்.

“எனக்குத் தெரியாது,” என்றார் அவர். “பின்னால் இரண்டு பேராசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள்.”

வகுப்பு சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பியது. எங்களில் ஒருவர், “தகுதி இருந்தால் நிச்சயமாக” என்றார். பையன் தலையசைத்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டான். விவாதம் உயிர்ப்புடன் நடந்தது என்று மதிப்பீட்டறிக்கையில் குறித்தோம்.